தெளிந்த குளத்தின் பசி

என்னுடைய முதல் வலை மாவு மில்லில் கிடைத்தது. அப்போது கும்பகோணத்தில் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். குளத்துத் தண்ணீரில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத விலங்குகளைப் பிடித்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு. அதற்கு மெல்லிய பட்டுத்துணி வலை வேண்டும். கல்லூரியில் இருந்த ஒரே வலையை எலி கடித்துவிட்டிருந்தது. புதிது வாங்கித் தரச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். மில்லில் மாவு சலிக்கிற துணி கிழிந்தால் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வாங்கி வந்தேன். கிழியாத பகுதியை வெட்டி, தையற்காரரிடம் கொடுத்துப் புனல் மாதிரித் தைத்து, வாயில் கம்பி வளையமும் வாலில் ஊசிமருந்துப் புட்டியும் கட்டினேன். விடுதிக் கொடியில் அதைக் காயப்போட்டால், யாருக்கடி இந்த உள்பாவாடை என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் யாருக்கும் என் அளவுக்குக் குளங்களைத் தெரியாது என்று எனக்கு உள்ளூர ஒரு திமிர் இருந்தது.

கோயில் குளம், துணி துவைக்கிற துறை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சாக்கடைக் குட்டை என்று ஒன்று விடாமல் வலையை இழுத்தேன். புட்டியில் சேர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே ஒரு சந்தையே நடக்கும். தலையில் சக்கரம் சுழல்கிற மாதிரி மயிரிழைகளைச் சுழற்றி இரையை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் சக்கரப்புழுக்கள். தத்தித் தத்திப் போகும் நீர்த்தெள்ளுகள். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே இதயம் அடித்துக்கொள்வது தெரியும். நெற்றியில் ஒற்றைக் கண் உள்ள சைக்ளோப்ஸ். அதற்கு உறவுக்காரன் ஒருவன், உடம்பளவு நீளத்துக்கு மீசை வைத்திருப்பான். அவனை நான் மீசைக்காரன் என்றே கூப்பிட்டேன்.

ஓராண்டு இப்படிப் பார்த்ததில் ஒன்று எனக்குப் பிடிபட்டது. எந்தத் தண்ணீரில் யார் இருப்பார்கள் என்பது தற்செயல் இல்லை. சாணியும் கழிவும் சேர்ந்து பச்சை ஏறிய தண்ணீரில் சக்கரப்புழுவும் தெள்ளும் மொய்க்கும். தெளிந்த தண்ணீரில் தின்ன ஒன்றும் கிடைக்காது. அங்கே மீசைக்காரன் மட்டும் தனியாகத் திரிவான். சொட்டைக் காட்டினால் போதும், அந்தக் குளத்தில் யார் என்ன கொட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். இந்த வித்தையை ஊரில் காட்ட வேண்டிவரும் என்று நான் நினைக்கவில்லை.

என் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் விவசாயக் கூலிகள். அம்மா நடவுப் பெண்களுக்குத் தலைவி; எந்த வயலில் எத்தனை பேர் இறங்குவது, எப்போது கரையேறுவது என்று அவள்தான் சொல்வாள். ஊரில் இரண்டு குளங்கள். மேலத்தெருவில் மிராசுதார் வீட்டுக்கு எதிரே நல்ல தண்ணிக் குளம், நான்கு பக்கமும் கருங்கல் படி. எங்கள் தெருவின் கோடியில் இன்னொன்று. அதற்குப் பெயர் கிடையாது. 'குளம்' என்போம், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் ஒரே வாய்க்கால். மேட்டூர் திறந்து காவிரித் தண்ணீர் வந்தால் முதலில் மேலத்தெருக் குளம் நிரம்பும். அது வழிந்து, மாட்டுக்கொட்டில்களின் பின்புறமாக ஓடி, கொட்டிலைக் கழுவிய தண்ணீரையும் களத்துக் குப்பையையும் கூட்டிக்கொண்டு எங்கள் குளத்துக்கு வரும். ஊருக்குள் நுழையும்போது ஒன்றாக இருந்த தண்ணீர் ஆடி முடிவதற்குள் இரண்டு தேசமாகிவிடும். மேலத்தெருக் குளத்தில் நாங்கள் இறங்கக் கூடாது. நாங்கள் கால் வைத்தால் தண்ணீர் அழுக்காகிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நாங்கள் எங்கள் குளத்தில்தான் மாடு குளிப்பாட்டினோம், துணி துவைத்தோம், குடிக்கவும் மொண்டோம்.

நான் பள்ளி இறுதி முடித்த சமயத்தில் கூலிச் சண்டை வந்தது. மாநிலத்தில் ஆட்சி மாறியிருந்தது. கடைத்தெருச் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். எங்கள் தெருவில் வெறும் சிவப்பு. அறுப்புக்கு வெளியூர் ஆளைக் கொண்டுவந்தார்கள், எங்கள் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து மறித்தார்கள், போலீஸ் லாரி வந்தது. அப்பா சிறைக்குப் போய் வந்தார். பிறகு தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு ஆண்டுக்கணக்கில் எங்கெங்கோ சுற்றி, நிலத்தை அளக்க சர்வேயர் வந்தபோது, நல்ல தண்ணிக் குளம் மிராசுதாருடையதே இல்லை, புறம்போக்கு என்று தெரிந்தது. புறம்போக்குக் குளம் எல்லோருக்கும் பொது. ஆனால் அதில் மீன் வளர்க்கும் குத்தகையை ஆண்டுதோறும் பஞ்சாயத்து ஏலம் விடும். குத்தகை எடுத்தவனின் காவலாள்தான் படியில் உட்கார்ந்திருப்பான். அவன் விட்டால்தான் அது பொது. இத்தனை ஆண்டுகளாகப் போட்டியே இல்லாமல் மிராசுதார் பெயருக்குத்தான் அந்தக் குத்தகை போய்க்கொண்டிருந்தது.

நான் முதுகலையில் ஓராண்டு முடித்த சித்திரையில் நடவுப் பெண்கள் சேர்ந்து, அம்மா பெயரில் ஏலம் கேட்டு எடுத்துவிட்டார்கள். மிராசுதார் விட்டுக்கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "எடுத்துக்கட்டும்யா. ஒரு வருசம் போனா அந்தத் தண்ணி எந்த லட்சணத்துல இருக்குதுன்னு ஊரே பாக்கும்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம். மேலத்தெரு முழுக்க அந்தப் பேச்சு போயிருந்தது. மீன் வளர்ந்து குத்தகை கட்ட முடிந்தால் அடுத்த ஆண்டும் படி எங்களுக்கு. மீன் செத்தாலும் போச்சு, தண்ணீர் கெட்டாலும் போச்சு. அம்மாவுக்கு அந்த ஆண்டு முழுவதும் இது ஒன்றுதான் கவலை.

ஆவணியில் அரசு மீன்பண்ணைக்குப் போய்க் குஞ்சு வாங்கி வந்தார்கள். கட்லா, ரோகு என்று வடக்கத்திக் கெண்டைகள். அலுமினியக் குடங்களில் விட்டு, பேருந்தின் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். தட்டாவிட்டால் மூச்சுமுட்டிக் குஞ்சு செத்துவிடும். நாற்று முடியைப் பிடிக்கிற கைகள் அலுக்காமல் தட்டின என்று அப்பா பிற்பாடு சொன்னார். கண்டக்டர், என்னம்மா தாளம் போடுறீங்க என்று கேட்டானாம்.

நான் விடுதியிலிருந்து ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். கல்லூரியில் கேட்டு ஒரு பழைய நுண்ணோக்கியை, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துப் பார்க்கிற வகை, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். பையைக்கூட வைக்க விடாமல் அம்மா என்னை மேலத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

படியில் நிமிர்ந்து நின்று, "பாரு" என்றாள்.

பார்த்தேன். அப்படியொரு தெளிவை அந்தக் குளத்திலும் நான் பார்த்ததில்லை. பாசியைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து எடுத்திருந்தார்கள். ஆகாயத்தாமரையை வேரோடு அரித்துக் கரையில் போட்டிருந்தார்கள். விழுந்த அரசிலைகளைத் தினமும் ஒருத்தி இறங்கிப் பொறுக்கினாள். சோப்பு கூடாது, மாடு கூடாது, வெற்றிலை எச்சில் துப்பக் கூடாது. எங்கள் தெருப் பெண்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். மேலத்தெரு ஆள் ஒருவர் கால் கழுவ வந்தபோது, குடத்தில் மொண்டு தனியாகப் போய்க் கழுவிக்கச் சொல்லித் திருப்பியனுப்பினாளாம் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. நானும் சிரித்தேன். கடைசிப் படி வரைக்கும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது, குஞ்சுகளும் தெரிந்தன.

குஞ்சுகளைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. தலை பெருத்து, உடம்பு வற்றி, வெறும் ஆணி மாதிரி இருந்தன. படியை ஒட்டி வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் வலையை வீசி, கரையோரமாகவே நடந்து இழுத்தேன். புட்டியைத் தூக்கி வெயிலில் பிடித்தேன். பச்சைத் தண்ணீர் என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதுகூட இல்லை. ஒன்றுமே இல்லை.

"அம்மா, மீனுக்குத் தின்ன ஒண்ணும் இல்லம்மா இதுல. பட்டினி கிடக்குது."

"தவிடு போடுறோமே?"

"இந்த வயசுல அது தவிடு தின்னாது. தண்ணியில உசுரோட திரியுற பூச்சியத்தான் தின்னும். அந்தப் பூச்சி வரணும்னா தண்ணி பச்சையாகணும். பண்ணையில குஞ்சு குடுத்தப்ப ஒண்ணும் சொல்லலியா?"

அம்மா வேறு பக்கம் பார்த்தாள். பண்ணையில் இருந்த இன்ஸ்பெக்டர் எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். கூடை கூடையாகச் சாணி போடுங்க, தண்ணிக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டா உள்ளங்கை தெரியக் கூடாது, அப்பத்தான் மீனுக்குச் சாப்பாடு உண்டாகியிருக்குன்னு அர்த்தம் என்று கையை நீட்டிக்காட்டியே சொல்லியிருக்கிறார். எல்லோரும் சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வந்து, துடைப்பத்தை எடுத்துக் குளத்தைத் தேய்த்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படித்த திமிரும் கலந்த கோபம்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கத்தினேன். நாற்றங்காலில் எரு போடாமலா நாற்று வளர்க்கிறீர்கள், பச்சைப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அந்த மனுஷன் சொல்லியிருக்கிறாரே என்றேன். அம்மா முன்னால் நடந்தாள். எங்கள் தெரு முனை வந்ததும் நின்றாள்.

"நாத்தங்கால்ல எரு போடுவோம்டி. குடிக்கிற பானையில போடுவோமா?" என்றாள். "நாங்க எறங்கினா தண்ணி அழுக்காயிரும்னுதானே எங்கப்பன் காலத்துலேருந்து சொன்னானுவ. இப்ப நானே கூடையில சாணிய அள்ளிட்டுப் போயி அவனுவ கண்ணு முன்னால கொட்டணுங்குற. பாத்தியா நாஞ் சொன்னேன்லம்பான். அதைக் கேக்கவா இந்தப் பாடு பட்டோம்?"

அவள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டு சரியும் ஒரே குளத்தில் இருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வெயில் சாய்வதற்குள் எங்கள் குளத்திலும் வலையை இழுத்தேன். சும்மா, ஒப்பிட்டுப் பார்க்கத்தான். ஒரே இழுப்பில் புட்டி கூழ் மாதிரியாகிவிட்டது. வாசலில் நுண்ணோக்கியை வைத்து, கண்ணாடியைத் திருப்பி, ஒரு சொட்டு வைத்தேன். கும்பகோணத்துச் சாக்கடைக் குட்டைகூட இதற்குப் பக்கத்தில் வர முடியாது. தெள்ளுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவை வெளிர் நிறமாக இல்லை, சிவந்திருந்தன. தண்ணீரில் மூச்சுக்குக் காற்று குறைந்தால் இவை உடம்பில் சிவப்பை ஏற்றிக்கொண்டு சமாளிக்கும். அதைச் சொன்னேன்.

"அப்ப அதுங்களும் நம்மாளுங்கதான்" என்றார் அப்பா, வாயிலிருந்த பீடியை எடுக்காமல்.

அம்மா வந்து எட்டிப்பார்த்தாள். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு முந்தானையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"யம்மாடி. என்னமோ துடிக்குது உள்ள."

"அதான் இருதயம்."

"முதுகுல முட்டை மாதிரி என்னவோ வெச்சிருக்கே. புள்ளையா?"

"ஆமா. முதுகுக்குள்ளயே வெச்சிருந்து, வளந்ததும் வெளிய விட்டுரும்."

அவள் சிரித்தாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள். "எந்தத் தண்ணி இது?"

"நம்ம குளம்தான்."

அவள் நிமிர்ந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை.

"இதையா நான் ஒந் தம்பிக்குக் குடுத்தேன்?" என்றாள்.

எனக்கு அடுத்துப் பிறந்தவன் ஒருவன் இருந்தான். நடக்க ஆரம்பித்த வயசில், ஒரு ஐப்பசி மழையில் குளம் ததும்பி நின்றபோது வாந்திபேதியில் போய்விட்டான். அந்த மழையில் எங்கள் தெருவில் வேறு குழந்தைகளும் போனார்கள். வீட்டில் அவனைப் பற்றிப் பேச மாட்டார்கள். நான் அவசரமாகச் சொன்னேன், "இது ஒண்ணும் செய்யாதும்மா. இதுனால யாரும் சாக மாட்டாங்க. ஆளக் கொல்லுற கிருமி இதைவிடச் சின்னது. இந்தக் கண்ணாடிக்குத் தெரியாது."

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். "இன்னும் தெரியாததுவேற இருக்குதா அதுல?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தகட்டைக் கழுவி வைத்தேன். அறிவியலை எந்த இடத்தில் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. கடைசி நடவு நடந்துகொண்டிருந்தது. நான் கஞ்சி கொண்டுபோனேன். பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முன்பே பேசி முடித்திருந்தாள் போல. என்னைக் கண்டதும், உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

"மீனு எடம் மாத்தினா தாங்குமா?"

"எங்க?"

"நம்ம குளத்துக்கு. நாத்தங்கால்தான் அங்க தானா கெடக்குதே. எருவும் நாம போட வேணாம், மேலத்தெரு மாடே போடுது."

நான் யோசித்தேன். தாங்கலாம். ஆனால் அந்தத் தெள்ளுகள் சிவந்திருந்ததை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. தெள்ளு சமாளிக்கும், மீன் சமாளிக்காது. இவ்வளவு வளமான தண்ணீரில் பகலில் பாசி காற்றை விடும், இரவெல்லாம் எல்லாமும் சேர்ந்து அதை இழுத்துவிடும். விடியும் நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரே ஒரு காலையில் எல்லாம் செத்து மிதக்கலாம். இதையெல்லாம் சொன்னேன். குளத்தில் இருக்கிற விரால் வேறு குஞ்சுகளை ஒன்று விடாமல் தின்றுவிடும் என்றேன்.

"விரால நாங்க புடிச்சுத் தின்னுக்குறோம்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். "அந்தக் குளம் இத்தனை காலமா நம்ம புள்ளைங்களத் தின்னுச்சு. இனிமே மீனையாவது வளத்துக் குடுக்கட்டும்" என்றாள்.

அந்த ஐப்பசியில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் அங்கே இன்னும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து வயலில் இறங்கினார்கள். முடிவாகிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

விராலை ஆண்கள் வலைபோட்டு வாரி எடுத்தார்கள். அந்த வாரம் தெருவெல்லாம் மீன்குழம்பு வாசனை. குஞ்சுகளைப் பழைய சேலையால் வளைத்து, குடத்தில் விட்டு, பழையபடி தட்டிக்கொண்டே மேலத்தெருவிலிருந்து எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். கொட்டில் கழுவுகிற தண்ணீர் முழுவதும் குளத்துக்கு வராமல், பாதி வாழைத்தோப்புக்குத் திரும்புகிற மாதிரி அப்பா ஒரு மடை வெட்டினார். தினமும் விடிகிற நேரத்தில், வேலைக்குப் போவதற்கு முன்னால், பெண்கள் தென்னை மட்டைகளோடு இறங்கித் தண்ணீரை அடித்தார்கள். இடுப்புத் தண்ணீரில் நின்று ஏதோ சண்டை போடுகிற மாதிரி அடிப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், அங்க பொம்பளைங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு என்று பேசிக்கொண்டார்கள்.

நான் வாரந்தோறும் வந்து ஒரு சொட்டைப் பார்த்தேன். என் ஆய்வில் நான் பார்த்த எதையும்விட அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் தெள்ளுகளின் சிவப்பு இறங்கியது. காற்று ஏறிய தண்ணீரில் அவை மெல்ல மெல்ல வைக்கோல் நிறத்துக்கு வந்தன. பிறகு பெரிய தெள்ளுகள் குறைய ஆரம்பித்தன. மீன் பொறுக்கித் தின்கிறது என்று அர்த்தம். பெரியவை போன இடத்தில் சக்கரப்புழுக்கள் பெருகின. அதே குளம், அதே வாய்க்கால், ஆனால் உள்ளே குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மார்கழியில் ஒரு காலை மீன்கள் மேலே வந்து வாய் பிளந்துவிட்டன. ஆணும் பெண்ணுமாகத் தெருவே இறங்கி, வெயில் ஏறும் வரைக்கும் தண்ணீரை அடித்தது. சில செத்தன. மற்றவை பிழைத்தன.

பங்குனியில் தண்ணீர் வற்றியபோது வலை இழுத்தார்கள். கட்லா ஒவ்வொன்றும் கைப்பிள்ளை கனம். வலங்கைமான் சந்தையிலிருந்து வியாபாரி சைக்கிளில் கூடை கட்டி வந்தார். மேலத்தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கிப்போனார்கள். குத்தகைப் பணம் தேறிவிட்டது. அப்பா ருசித்துச் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன். அம்மா மட்டும் வாயில் வைக்கவில்லை. குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். கடைசி வரைக்கும் அந்தக் குளத்து மீனை அவள் சாப்பிட்டதே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

சித்திரை ஏலத்தன்று மிராசுதார் நேராகப் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு வராமல் நல்ல தண்ணிக் குளத்தைப் பார்க்கப் போனார். நாங்கள் சிலர் பின்னாலேயே போனோம். கோடையில் நீர் இறங்கியிருந்தது. ஆனால் மிச்சமிருந்ததில் கடைசிப் படியின் உளித் தடம் வரைக்கும் தெரிந்தது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல். ஏலத்தில் ஒரு தரம் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். குத்தகை மறுபடியும் அம்மா பெயருக்கு வந்தது.

அன்று நடுப்பகலில் அம்மா ஒரு டம்ளரில் நல்ல தண்ணிக் குளத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இதையும் அதுல வெச்சுக் காட்டு."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் எதைப் பார்க்க விரும்புகிறாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமில்லாத தண்ணீரை. எந்தக் குளத்திலும் அப்படி ஒரு தண்ணீர் இல்லை என்றும் எனக்குத் தெரியும். டம்ளரின் மேலாக ஒரு சொட்டை மட்டும் எடுத்து வைத்தேன். நான் பார்த்தவரைக்கும் காலியாகத்தான் இருந்தது. கும்பிடாத குறையாக அப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

அவள் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். "ஒண்ணும் காணுமே" என்றாள். குரலில் ஒரு நிம்மதி. நான் தகட்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

"இரு இரு. என்னமோ போவுது."

நானும் பார்த்தேன். மீசைக்காரன். சொட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, மீசையை விரித்துக்கொண்டு அசையாமல் மிதந்தான். ஒற்றை ஆள். என்ன சொல்வது என்று வார்த்தைகளைத் தேடினேன். இது நல்லதும்மா, தெளிந்த தண்ணீரில்தான் இவன் இருப்பான், இவன் இருந்தாலே தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம் என்றெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. போன முறை பட்டது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். "அதுக்கும் நல்ல தண்ணி வேணாமா."

டம்ளரில் மிச்சமிருந்ததை அண்ணாந்து குடித்தாள்.